ஏஐ குரல் சொதப்பினால் எங்கே கை வைப்பது: கேட்கும் கோளாறை வைத்துப் பிழை நீக்கும் வழிகள்

ஏஐ பேசிய குரலில் ஏதோ ஒன்று காதில் உறுத்தினால் உடனே ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரைத் திறந்து எஃபெக்ட் மெனுவில் தேட ஆரம்பித்துவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இப்போது வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் எழுத்து, அப்புறம் குரல் உருவாக்கும் கருவி, கடைசியில்தான் ஒலி எடிட்டர். உச்சரிப்பு, நிறுத்தம், அழுத்தம் எல்லாமே நாம் கொடுத்த எழுத்திலிருந்துதான் வருகின்றன, அதை ஒலி அலையில் போய்ச் சரிசெய்ய நினைப்பது சுட்ட பானையைக் கையால் பிடித்து வளைக்கப் பார்ப்பது மாதிரி.

கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதே பத்தியை மறுபடி உருவாக்கிக் கேளுங்கள். அதே இடத்தில் அதே தப்பு வந்தால் பெரும்பாலும் எழுத்தில் பிழை. இடம் மாறி வந்தாலோ காணாமல் போனாலோ அந்த ஒருமுறை கருவி தடுமாறியிருக்கிறது, நல்லதாக வந்ததை எடுத்துக்கொள்ளலாம். கருவி கொடுத்த மூலக் கோப்பில் இல்லாமல் எடிட் செய்த கோப்பில் மட்டும் கேட்டால் நாம் போட்ட ஏதோ ஒரு எஃபெக்ட்தான் காரணம். அதனால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள், அதன் மேலேயே சேமிக்கவும் செய்யாதீர்கள்.

ஒரு சொல்லை மட்டும் விடாப்பிடியாகத் தப்பாக வாசிக்கிறது

இதில்தான் எனக்கு அதிக நேரம் போயிருக்கிறது, அதனால் இதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய ஆவணத்திலிருந்து எடுத்த பத்தியில் "கௌரவம்" என்ற சொல்லைக் கருவி "கெ-ள-ரவம்" என்று மூன்று துண்டாக வாசித்துக்கொண்டே இருந்தது. வேகத்தை மாற்றினேன், வேறு குரல் போட்டேன், முன்னும் பின்னும் காற்புள்ளி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தச் சொல்லுக்குள் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டியபோதுதான் விளங்கியது. "கௌ" என்பது ஒரே உயிர்மெய், பேக்ஸ்பேஸ் தட்டினால் குறி மொத்தமாகப் போய் "க" மட்டும் மிஞ்ச வேண்டும். எனக்கோ "ள" மட்டும் போய் "கெ" மிஞ்சியது. அதாவது தட்டச்சு செய்தவர் "கெ", "ள" என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கருவிக்கு அவை வேறு வேறு சொற்கள். அது சரியாகத்தான் வாசித்திருக்கிறது.

"மெளனம்", "செளகரியம்", "ஒளவையார்" எல்லாம் இதே வகைதான். சரியானவை "மௌனம்", "சௌகரியம்", "ஔவையார்". ஆனால் அவசரப்பட்டு எல்லா "ெள"வையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள், "வெளியே", "தெளிவு" எல்லாம் பாழாகிவிடும். இந்தத் தலைகீழ்ப் பிழையும் நிறையவே நடக்கிறது, "வௌியே" என்று ஔகாரக் குறி போட்டு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து உட்காருவது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரைகளில் "காரியம்" என்பது "காாியம்" என்றும் "மரியாதை" என்பது "மாியாதை" என்றும் கிடக்கும். திரையில் ஓடும் கண் இதைத் தாண்டிப் போய்விடும், கருவி தடுக்கி விழும். வேறு யாரோ தட்டச்சு செய்த உரை என்றால் குரலாக்குவதற்கு முன்பே "ாி" என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பத்தி முழுவதும் புரியாத உளறலாக வந்தால் அந்த உரை யூனிகோடே இல்லை, பழைய எழுத்துருவில் இருக்கிறது என்று பொருள், முதலில் அதை மாற்றியாக வேண்டும்.

எழுத்து சரியாகத்தான் இருக்கிறது என்று உறுதியானால் வேறு குரலில் கேட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியின் சத்தமாக வாசிக்கும் வசதியில் தமிழுக்கே பல குரல்கள் இருக்கின்றன: இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா. நான்கைந்து குரலும் அதே இடத்தில் தடுக்கினால் மறுபடி எழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

"பாவம்" என்றால் எந்தப் பாவம்

தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம்தான், ஒலியோ இடத்துக்கு இடம் மாறும். நமக்குப் பழக்கம், கருவிக்கு ஊகம். புண்ணியத்துக்கு எதிரான பாவமும் நடனத்தில் முகம் காட்டும் பாவமும் எழுத்தில் ஒன்றே, உதட்டில் வேறு. "பந்து", "பயம்", "குணம்" போன்ற சொற்களிலும் முதல் எழுத்தை அழுத்தி வாசிப்பதா மெலிதாக வாசிப்பதா என்பதில் சில கருவிகள் வழுக்கும். "பஸ்", "டீம்", "கேம்" போன்ற கடன் சொற்களில் இது இன்னும் அதிகம்.

எழுத்தை எப்படி மாற்றி எழுதினாலும் இந்த வித்தியாசத்தைத் தமிழில் காட்ட முடியாது. அதனால் கடன் சொல் என்றால் அதை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், பல கருவிகள் சரியாகப் பிடித்துக்கொள்ளும், சிலது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வேறொருவர் மாதிரி ஒலிக்கும், கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் புழங்கும் சொல் என்றால் வேறு சொல் போடுவதுதான் சுருக்கமான வழி. நடன பாவத்துக்கு "முகக் குறிப்பு" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஊகிக்க ஏதாவது கிடைத்தாலும் சில கருவிகள் திருந்தும், அதாவது பக்கத்துச் சொற்கள் பொருளைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி வாக்கியத்தை அமைத்தால்.

"ச" வேறு ஒரு தலைவலி. "ஸ" ஒலி வேண்டிய இடத்தில் "ச"வுக்குப் பதில் "ஸ" போட்டால் ஒலி கட்டுப்படும். குரலுக்குக் கொடுக்கும் பிரதி யாரும் கண்ணால் படிக்கப்போவதில்லை, அதில் இலக்கண சுத்தம் பார்க்க வேண்டாம். நான் எப்போதும் இரண்டு கோப்பு வைத்துக்கொள்வேன், ஒன்று திரையில் காட்டும் உரை, இன்னொன்று காதுக்கான உரை.

எண்களும் சுருக்கங்களும்

பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைக் கோடிக் கணக்கில் வாசிக்கும். "9-5" என்றால் ஒன்பது கழித்தல் ஐந்து என்று சொன்னாலும் சொல்லும். "10.30 மணி" தசம எண்ணாகிவிடும். "திரு." என்ற சுருக்கத்தில் இருக்கும் புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்துப் பெயருக்கு முன்னால் நின்றுவிடும். தீர்வு ஒன்றுதான், எல்லாவற்றையும் வாயால் சொல்வது போலவே எழுதிவிடுங்கள்: "ஒன்பது முதல் ஐந்து வரை", "பத்தரை மணி", "கிலோமீட்டர்". தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாக இடைவெளி விட்டு, தேவையான இடத்தில் காற்புள்ளி போட்டு எழுதுங்கள்.

நிறுத்தக் குறியீட்டையும் சேர்த்துச் சத்தமாக வாசிக்கிறது

இடைவெளிக்காக நீங்கள் போட்ட எஸ்எஸ்எம்எல் குறியீட்டை (எங்கே நிற்க வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் குறியீட்டு மொழி) அந்தக் கருவி ஏற்கவில்லை, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதில் நிறைய கருவிகள் வெறும் உரையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறியீடுகளை நீக்கிவிட்டு நிறுத்தற்குறிகளாலும் வரி பிரிப்பதாலும் வேலையை முடியுங்கள், மிச்ச இடைவெளியை எடிட்டரில் சேர்க்கலாம்.

ஏற்ற இறக்கமே இல்லை, மூச்சு விடாமல் ஓடுகிறது

நம் எழுத்து நடைக்கு ஒரு குணம் உண்டு. போய், பார்த்து, எடுத்து, வந்து என்று எச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியத்தில் நாலு வேலை முடித்துவிடுவோம். கண் அதைத் தானாகப் பிரித்துக்கொள்ளும். கருவி காற்புள்ளி கண்டால்தான் நிற்கும். ஆகவே ஒவ்வொரு எச்சத்துக்குப் பின்னும் நீங்களே வாய்விட்டுப் படித்தால் எங்கே நிற்பீர்களோ அங்கே காற்புள்ளி போடுங்கள். ஒரு வாக்கியத்தில் மூன்று காற்புள்ளிக்கு மேல் போகிறதென்றால் அதை இரண்டாக உடைப்பது மேல்.

அழுத்தம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து, அழுத்தம் வேண்டிய சொல்லைப் பெரிய எழுத்திலோ நட்சத்திரக் குறிக்குள்ளோ போட்டால் தமிழில் ஒன்றும் ஆகாது. அதற்கு மொழியே வசதி வைத்திருக்கிறது. "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்பதைக் கருவி எத்தனை முறை வாசித்தாலும் ஒரே மாதிரிதான் வரும். "இந்தப் பொத்தானைத்தான் அழுத்துங்கள்" என்று எழுதிப் பாருங்கள், அழுத்தம் தன்னால் அங்கே போய் விழும். "தான்", "ஏ", "கூட", "மட்டும்" எல்லாம் நம் கையில் இருக்கும் ஏற்ற இறக்கங்கள். சொல் வரிசையும் அப்படித்தான், எதை வினைக்குப் பக்கத்தில் வைக்கிறீர்களோ அதன் மேல் கவனம் நிற்கும்.

கேள்வி கேள்வியாக ஒலிக்கவில்லை என்றால் அதைத் தனி வரியில் வைத்து, அதற்கு முந்தைய வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு முடித்துவிடுங்கள். ரொம்ப நீளமான கேள்வியில் கடைசி "ஆ"வுக்கு வருவதற்குள் குரல் சரிந்துவிடுகிறது, சுருக்கினால் எழும்பும்.

பேச்சு வழக்கில் எழுதினால் உயிரோட்டம் வரும் என்று பலர் "வந்துட்டாங்க", "போயிடுச்சு" என்று போடுகிறார்கள். சில குரல்களில் நன்றாக வருகிறது, சிலவற்றில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கிறது. முழு உரையையும் அப்படி எழுதும் முன் பத்துப் பன்னிரண்டு வினைச்சொல்லை மட்டும் போட்டுச் சோதியுங்கள். என் விருப்பம் எளிய எழுத்து நடை, சின்ன வாக்கியம், அங்கங்கே "சரி", "அப்புறம்" போன்ற சொற்கள்.

வேகத்தைக் குரல் கருவியிலேயே மாற்றுங்கள். அங்கே குறைத்தால் ஒவ்வொரு ஒலியின் நீளமும் பேச்சுக்கேற்றபடி புதிதாக அமைய வாய்ப்பிருக்கிறது, எடிட்டரில் குறைத்தால் ஏற்கெனவே இருக்கும் ஒலியை இழுப்பதுதான் நடக்கும். நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் சொற்கள் விகுதிகளைச் சுமந்துகொண்டு நீளமாக இருப்பவை. நீங்களே ஒரு நிமிடம் நிதானமாக வாசித்து, அதே பகுதியைக் கருவி எத்தனை விநாடியில் முடிக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

திருத்திய சொல் மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது

தப்பான ஒரு சொல்லை மட்டும் தனியாகக் குரலாக்கி நடுவில் செருகினால் இது கட்டாயம் நடக்கும். தனியாகக் கொடுத்த சொல்லைக் கருவி ஒரு முழு வாக்கியமாக நினைத்துத் தொடங்கி முடிக்கும், குரல் கடைசியில் கீழே இறங்கும். வாக்கியத்தின் நடுவில் இருக்கும் சொல்லுக்கு அந்த இறக்கம் கிடையாது. அதனால் முழு வாக்கியத்தையும் மறுபடி உருவாக்குங்கள், முழு வாக்கியத்தையும் மாற்றுங்கள். வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வித்தியாசமாகப் பேசும் கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பத்தி பத்தியாக உருவாக்கி ஒட்டினால் மூன்றாம் பத்தியில் வேறு ஆள் உள்ளே வந்தது போல இருக்கும். சீட் எண்ணை (ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பேச வைக்கும் எண்) மாற்றாமல் வைக்க வசதி இருந்தால் அதை வையுங்கள், மாதிரிக் குரல் கொடுத்தால் அதைப் போலப் பேசும் கருவி என்றால் எப்போதும் அதே மாதிரிக் கோப்பையே கொடுங்கள், எல்லாப் பத்தியையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். மாதிரிக் குரல் இன்னொருவருடையது என்றால் அவர் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. நீளமான உரையைக் கொடுக்கும்போது இந்த வகைக் கருவிகள் ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வதும், ஒரு வரியை விழுங்குவதும், வாக்கிய முடிவில் பொருளில்லாமல் முனகுவதும் உண்டு. உரையைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது.

ஒட்டிய இடத்தில் "டிக்" என்று ஒரு சத்தம்

அந்த இடத்தை ஆடாசிட்டியில் பெரிதாக்குங்கள், அலை ஒரு ஒற்றைக் கோடாகத் தெரிகிற வரைக்கும். இடப் பக்கத் துண்டு நடுக்கோட்டுக்கு மேலே எங்கேயோ முடிகிறது, வலப் பக்கத் துண்டு நடுக்கோட்டுக்குக் கீழே தொடங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்குத்துச் சுவர். அந்தச் சுவர்தான் காதில் டிக் என்று விழுகிறது. வெட்ட வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு விசைப்பலகையில் இசட் எழுத்தை அழுத்தினால் தேர்வின் இரு ஓரங்களும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் அருகிலுள்ள புள்ளிக்கு நகரும், அங்கே வெட்டினால் சுவர் வராது. அல்லது ஒட்டுக்கு இரு பக்கமும் ஐந்து மில்லிசெகண்ட் அளவுக்கு ஃபேட் அவுட் (ஒலியை மெல்லத் தாழ்த்துவது), ஃபேட் இன் (மெல்ல ஏற்றுவது) போடுங்கள். ஏற்கெனவே ஒட்டி முடித்த கோப்பில் டிக் இருந்தால் ரிப்பேர் என்ற எஃபெக்ட் உண்டு, ஒருமுறைக்கு அதிகபட்சம் 128 சாம்பிள்தான் (சாம்பிள் என்பது ஒலி அலையின் ஒரு அளவுப் புள்ளி) எடுத்துக்கொள்ளும், அதனால் டிக் இருக்கும் அந்தத் துளியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாக்கியத்துக்கு நடுவில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் வல்லினத்தைத் தேடுங்கள். "பக்கம்" என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் "ப"வுக்கும் "கம்"முக்கும் நடுவில் அலை கிட்டத்தட்ட தட்டையாகப் படுத்திருக்கும். "க்" சொல்வதற்காகக் காற்று அடைபடும் நேரம் அது, பேச்சுக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி மௌனம். "ட்ட", "த்த", "ப்ப" எல்லாவற்றிலும் இது இருக்கும். அந்தத் தட்டையான இடத்தில் வெட்டி ஒட்டினால் எத்தனை முறை கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. "ம", "ல", "ழ" ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் வெட்டினால் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் தெரியும்.

இன்னொன்று, துண்டுகளை எம்பி3யாக இறக்கி ஒட்டாதீர்கள். எம்பி3யில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் சில மில்லிசெகண்ட் வெற்றிடம் சேரும், ஒட்டும்போது தாளம் தப்பும். சுருக்கப்படாத வேவ் கோப்பு கிடைத்தால் அதுதான். எம்பி3 மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உடனே ஆடாசிட்டிக்குள் கொண்டுவந்து, வேலை முடியும்வரை மறுபடி எம்பி3யாகச் சேமிக்காமல் இருங்கள்.

வாக்கியங்களுக்கு நடுவே காது அடைத்துக்கொள்வது போல

மனிதர் பதிவு செய்த குரலில் அவர் பேசாதபோதும் அறை கேட்டுக்கொண்டே இருக்கும். ஏஐ குரலின் இடைவெளியில் பல நேரம் முழுச் சூனியம்தான் இருக்கும். ஹெட்ஃபோன் போட்டிருப்பவருக்கு இணைப்பு அறுந்து அறுந்து வருவது போல இருக்கும், காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் களைப்பாகிவிடும்.

புதிய டிராக் ஒன்றில் ஜெனரேட் மெனுவிலிருந்து பிங்க் அல்லது பிரவுன் இரைச்சலை 0.001 அளவில் போட்டு முழு நீளத்துக்கும் அடியில் ஓட விடுங்கள். அந்த அளவு ஏறக்குறைய மைனஸ் 60 டெசிபல், தனியாகக் கேட்டால் இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால்தான் இல்லாதது தெரியும். உங்கள் அறையின் அமைதியை முப்பது விநாடி பதிவு செய்து அதைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். பின்னணி இசை முழுக்க ஓடுகிறது என்றால் இது தேவையே இல்லை.

இடைவெளி நீளம் என் கையில் இப்படி அமைந்திருக்கிறது: வாக்கியத்துக்கு வாக்கியம் அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு, பத்திக்குப் பத்தி முக்காலிலிருந்து ஒரு விநாடி. ட்ரங்கேட் சைலன்ஸ் எஃபெக்ட் நீண்ட மௌனங்களை ஒரே அளவுக்குச் சுருக்கிவிடும், ஆனால் எல்லா இடைவெளியும் ஒரே அளவானால் குரல் மறுபடி இயந்திரமாகிவிடுகிறது. முக்கியமான வாக்கியத்துக்கு முன்னால் கொஞ்சம் கூட்டி விடுங்கள்.

தகரத்துக்குள் பேசுவது போல, தண்ணீருக்குள் பேசுவது போல

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தகர ஒலி பெரும்பாலும் கருவியிலிருந்தோ அதிகம் சுருக்கிய (குறைந்த பிட்ரேட்) எம்பி3யிலிருந்தோ வருகிறது. தண்ணீர் ஒலி நாம் உண்டாக்குவது, இரைச்சல் நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்டை இந்தக் குரலுக்குப் போடுவதால்.

அந்த எஃபெக்ட் வேலை செய்யும் விதம் இதுதான்: யாரும் பேசாத இடத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு, கோப்பு முழுவதும் அதுபோல இருப்பதைக் குறைக்கும். மின்விசிறி, கணினியின் முனகல் போல நிலையாக ஓடும் இரைச்சலுக்கு அருமையான கருவி. ஏஐ குரலின் தகரத் தன்மை அப்படி நிலையாக ஓடுவதில்லை, குரலோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே அடங்குகிறது. இடைவெளியில் மாதிரி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கட்டாயப்படுத்தி எடுத்தால் குரலின் ஒரு பகுதியையே கழித்துவிடும், குமிழி குமிழியாகக் கேட்கும். ஆகவே ஏஐ குரலுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம் என்றே சொல்வேன்.

தகர ஒலிக்கு மருந்து மூலத்தில்தான்: வேகத்தை இயல்புக்குக் கொண்டுவாருங்கள், உயர்ந்த தரத்தில் இறக்குங்கள், எம்பி3யிலிருந்து எம்பி3க்கு மாற்றிய கோப்பை விட்டுவிட்டு முதல் கோப்பை எடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் வேறு குரல் தேர்ந்தெடுப்பதுதான் நேர்மையான வழி.

குரல் தெளிவில்லாமல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால், டிராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) மாற்றிப் பாருங்கள். இலவசக் குரல்கள் நிறைய 24,000 அல்லது 22,050 ஹெர்ட்ஸ் சாம்பிள் விகிதத்தில் வருகின்றன. விகிதத்தின் பாதி வரைதான் ஒலி இருக்க முடியும், அதாவது 11, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைப்பது ஈக்வலைசர், இல்லாத இடத்தில் அதை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் வராது. 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் ஏற்றி, 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள், போர்வை விலகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சில் தேவையானது எதுவும் இல்லை, ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடலாம்.

மாறாக "ஸ", "ஷ" காதில் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள், போதும். அதற்கு மேல் இறக்கினால் குரல் மழுங்கும்.

சத்தம் ஒரு இடத்தில் குறைவு, ஒரு இடத்தில் அதிகம்

பத்திக்குப் பத்தி வேறுபாடு என்றால் முதலில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள், லவுட்னஸ் நார்மலைசேஷன் எஃபெக்ட் அதற்குத்தான். அலையின் உச்சியைப் பார்த்து அளக்கும் சாதாரண நார்மலைஸ் இங்கே ஏமாற்றும், ஒரே ஒரு வல்லின வெடிப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டால் பத்தி முழுவதும் சன்னமாகவே நின்றுவிடும். காது உணரும் சத்தத்தை அளப்பது எல்யூஎஃப்எஸ். வெறும் பேச்சுக்கு மைனஸ் 16 என்பது பாட்காஸ்ட்டில் பரவலாகப் புழங்கும் அளவு. யூடியூப் மைனஸ் 14க்கு மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் அதைத் தாண்டி ஏற்றுவதில் லாபம் இல்லை.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏஐ குரல் பெரும்பாலும் மோனோவாக, அதாவது ஒரே ஒலித்தடமாக வரும். ஒரே மோனோ கோப்பு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும்போது, கோப்பை மட்டும் அளந்த கணக்கைவிட 3 எல்யூஎஃப்எஸ் கூடுதலாக வரும். அந்த எஃபெக்டின் பெட்டியிலேயே மோனோவை இரட்டை மோனோவாக எடுத்துக்கொள் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதில் டிக் இருக்கட்டும்.

சத்தத்தை ஏற்றியதும் அலையில் சிவப்புக் கோடுகள் வந்தால் பதற வேண்டாம். ஆடாசிட்டி உள்ளுக்குள் வரம்பைத் தாண்டினாலும் தாங்கும் 32 பிட் ஃப்ளோட்டில் கணக்கு வைக்கிறது, இன்னும் எதுவும் வெட்டுப்படவில்லை. எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் உச்சிகளை அடக்கும் லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் போட்டுவிடுங்கள். அப்படியே 16 பிட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் உச்சிகள் வெட்டுப்பட்டுவிடும், அதற்கப்புறம் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது.

இசை குரலை விழுங்கிவிடுகிறது

ஆட்டோ டக் எஃபெக்ட் குரல் வரும்போது இசையைத் தாழ்த்தும். அது வேலை செய்யவில்லை என்றால் டிராக் வரிசையைப் பாருங்கள்: இசை மேலே, குரல் அதற்கு நேர் கீழே, தேர்ந்தெடுத்திருப்பது இசையை மட்டும். தாழ்த்தியும் சொற்கள் மங்கினால் இசையில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பள்ளம் தோண்டுங்கள், பேச்சின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. பாடல் வரிகள் உள்ள இசையைப் பேச்சுக்கு அடியில் போடவே வேண்டாம்.

ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, போனில் குரலே இல்லை

குரலை அகலப்படுத்தும் ஸ்டீரியோ எஃபெக்ட் ஏதாவது போட்டிருப்பீர்கள். அவற்றில் சில ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்குகின்றன, போன் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. எடுத்துவிடுங்கள், பேச்சுக்குரல் நடுவிலேயே இருக்கட்டும். ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றால் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, காலியாக இருப்பதை அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

வீடியோவில் போகப் போக உதட்டையும் படத்தையும் விட்டு விலகுகிறது

விலகல் எப்படி வருகிறது என்று பாருங்கள். குரலே கனத்து, மெதுவாகி, பத்து நிமிடக் கோப்பு கிட்டத்தட்ட 10 நிமிடம் 53 விநாடிக்கு நீண்டுவிட்டது என்றால் 48,000இல் இருந்ததை எங்கேயோ 44,100 என்று தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தலைகீழாக நடந்தால் குரல் கீச்சென்று வேகமாகும். வீடியோவுக்குப் போகும் குரலை 48,000 ஹெர்ட்ஸ் வேவாக எக்ஸ்போர்ட் செய்து, வீடியோ எடிட்டரின் ப்ராஜெக்டையும் அதே அளவில் வையுங்கள்.

குரல் இயல்பாக இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் பொருந்தியது கடைசியில் பொருந்தவில்லை என்றால் வீடியோவைச் சந்தேகியுங்கள். போனில் எடுத்ததும் திரையைப் பதிவு செய்ததும் பெரும்பாலும் ஃபிரேம் விகிதம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகள், சில எடிட்டர்கள் அவற்றைச் சரியாக எண்ணுவதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் நிலையான ஃபிரேம் விகிதத்துக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் எடிட் செய்யுங்கள்.

இரண்டுமே இல்லை, குறிப்பிட்ட ஒரு காட்சியில் மட்டும் பேச்சு நீண்டுவிடுகிறது என்றால் முழுக் கோப்பையும் இழுக்காதீர்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மௌனத்தில் கொஞ்சம் எடுங்கள். போதவில்லையா, ஆடாசிட்டியின் 3.4 முதலான பதிப்புகளில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டின் ஓரத்தை இழுத்தால் சுருதி மாறாமல் நீளம் மட்டும் மாறும். பத்து சதவீதத்துக்குள் என்றால் தெரியாது. அதையும் தாண்ட வேண்டியிருந்தால் எழுத்துக் கோப்பைத் திறந்து அந்த வாக்கியத்தில் இரண்டு சொல்லைக் குறைத்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.